புல் மெஷினுக்கு எண்ணெய் கலக்கக் கண்ணளவு போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் முதலில் வெளியே வருவது புல் மெஷின். தமிழ்ப்பள்ளித் திடல், இடுகாடு, லயத்து ஓரக் கால்வாய், செம்பனை மரத்தடி என்று எங்கே கூட்டுத் துப்புரவுப் பணி நடந்தாலும் அது இல்லாமல் காரியம் ஆகாது. அடுத்த வாரமே கயிறு இழுபடாமல் இறுகிப்போன மெஷின்கள் பட்டணத்துப் பட்டறைகளுக்கு வந்துவிடுகின்றன. திறந்து பார்த்தால் உழைத்துத் தேய்ந்ததைவிட எண்ணெய்க் கலவையால் கெட்டதே அதிகம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இக்கடிதத்தை எழுதக் காரணம் அதுதான். சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றும் செலவு, விலை குறைந்த மெஷின்களில் புது மெஷின் விலையையே நெருங்கிவிடுகிறது. குத்தகைக்குப் புல் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய அடி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெயை அளந்து ஊற்றியிருந்தால் வந்திருக்கவே வேண்டாத நட்டம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். காரில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்க்கென்று தனித் தொட்டி உண்டு. பெட்ரோலுக்கு ஒரு வழி, எண்ணெய்க்கு ஒரு வழி. பெரும்பாலான புல் மெஷின்களில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தத் தொட்டியே கிடையாது. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைக்குள் இறங்கி, அங்கிருந்துதான் மேலே தள்ளப்படுகின்றன. போகிற வழியில் பெட்ரோல் ஆவியாக, அதில் கரைந்திருந்த எண்ணெய் மெல்லிய படலமாகப் பேரிங்குகளிலும் பிஸ்டன் ஓரத்திலும் சிலிண்டர் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்த எஞ்சினுக்குக் கிடைக்கும் எண்ணெய் அவ்வளவுதான். புல் மெஷின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு அருகில் ஓடும். செயின்சா 12,000, 13,000கூடப் போகும். 10,000 சுற்று என்றால் பிஸ்டன் ஒரு வினாடியில் 160 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் படலம் அறுந்தால் அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிந்து, சுவரில் உரசி, ஒட்டிவிடும். இதைத்தான் எல்லாரும் ‘எஞ்சின் ஜாம்’ என்கிறோம்.

முதலில் தீர வேண்டியது எண் குழப்பம். டாங்கி மூடியில் 50:1 என்று அச்சிட்டிருக்கும். அதை ‘லிட்டருக்கு 50 மில்லி’ என்று படித்து ஊற்றுகிறவர்கள் பலர். அது தவறு. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பதுதான் பொருள். கணக்கு எளிது: 1,000ஐ அந்த முதல் எண்ணால் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி என்பது வந்துவிடும். 50:1 என்றால் 20 மில்லி. 40:1 என்றால் 25. 33:1 என்றால் 30. 25:1 என்றால் 40. ஐந்து லிட்டர் கேனுக்கு இவை முறையே 100, 125, 150, 200 மில்லி. லிட்டருக்கு 50 மில்லி ஊற்றினால் அது 20:1 ஆகிவிடுகிறது, அதாவது கேட்டதைவிட இரண்டரை மடங்கு எண்ணெய். இன்னொரு குழப்பம், 25 சின்ன எண்தானே, எண்ணெயும் குறைவாக இருக்கும் என்று நினைப்பது. எண் சிறுத்தால் எண்ணெய் கூடும். சில கையேடுகளில் விழுக்காடாகப் போட்டிருப்பார்கள். 2 விழுக்காடு என்றால் 50:1, 4 விழுக்காடு என்றால் 25:1.

இந்த எண் மெஷினுக்கு மட்டும் உரியதல்ல, ஊற்றும் எண்ணெய்க்கும் உரியது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டில் நிறுவனத்தின் பல கையேடுகளில் அவர்களுடைய சொந்த எண்ணெய்க்கு 50:1 என்றும், பிற நிறுவன எண்ணெய்க்கு 25:1 என்றும் தனித்தனியாகப் போட்டிருக்கும். ஹஸ்க்வர்னா கையேடுகளில் சொந்த எண்ணெய்க்கு 50:1, மற்றவற்றுக்கு 33:1. மெஷின் வாங்கும்போது உடன் கொடுத்த 100 மில்லி குப்பி தீர்ந்ததும், பட்டணத்து மோட்டார் கடையில் கிடைத்த வேறு எண்ணெயை வாங்கி, அளவை மட்டும் மாற்றாமல் தொடர்ந்தால் அங்கேதான் கேடு தொடங்குகிறது. கையேடு தொலைந்து, ஸ்டிக்கரும் அழிந்து, எந்த அளவு என்றே தெரியாத பழைய மெஷின் என்றால், நல்ல தரமான டூ டி எண்ணெயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே செய்த எண்ணெயில், 25:1 கலப்பதே பாதுகாப்பு. கொஞ்சம் புகை கூடும், பிளக்கைச் சற்று அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும், எஞ்சின் தப்பிக்கும்.

பெட்ரோல் நிலையத்தில் யாரும் லிட்டர் சொல்லிக் கேட்பதில்லை. ‘10 வெள்ளிக்கு’ என்றுதான் கேட்கிறோம். வீட்டுக்கு வந்து பழக்கமான அளவு எண்ணெயை ஊற்றுகிறோம். விலை மாறாத வரை இதில் சிக்கல் தெரியவில்லை. ரோன் 95 லிட்டர் 2 வெள்ளி 5 காசாக இருந்த காலத்தில் 10 வெள்ளிக்கு 4.88 லிட்டர் வந்தது. 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டு 100 மில்லி ஊற்றினாலும் பெரிய வேறுபாடு இல்லை. மானிய விலை 1 வெள்ளி 99 காசு என்றால் 5.03 லிட்டர். மானியமில்லாமல் 2 வெள்ளி 60 காசுக்குப் போட்டால் அதே 10 வெள்ளிக்கு 3.85 லிட்டர்தான். அதற்குச் சரியான எண்ணெய் 77 மில்லி. இப்படி 77 மில்லிக்குக் கை பழகியவர், அடுத்த முறை மானிய விலையில் போட்டு அதே எண்ணெயை ஊற்றினால் கலவை 65:1க்குப் போய்விடுகிறது. வெயிலில், முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும் மெஷினுக்கு அது போதவே போதாது. ஆகவே பம்ப்பில் வெள்ளி ஓடும் இடத்தைப் பார்க்காமல் லிட்டர் ஓடும் இடத்தைப் பாருங்கள். ரசீதிலும் லிட்டர் இருக்கும். அந்த எண்ணை 20ஆல் பெருக்கினால் 50:1க்கான மில்லி. 40ஆல் பெருக்கினால் 25:1க்கானது.

அடுத்தது எண்ணெய். ‘டூ டி’ என்று முன்பக்கம் எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல் குப்பியைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ என்ற சொல்லும் பக்கத்தில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று ஒன்றும் இருக்கும். உயவு, உள்ளே அழுக்குப் படியாமை, புகை, புகைப்போக்கி அடைபடாமை ஆகியவற்றைச் சோதித்துக் கொடுக்கும் தரம் அது. எஃப்சி என்றால் புகை குறைவு. எஃப்டி என்றால் அதோடு கடும் சூட்டிலும் பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருக்கும். நாள் முழுக்க வெட்டுகிறவர்கள் எஃப்டி வாங்குவது நல்லது. வாரம் ஒருமுறை வீட்டுக் கொல்லையை வெட்டுகிறவர்களுக்கு எஃப்சி தாராளமாகப் போதும். எந்தத் தரக்குறியும் இல்லாத, சாயம் மட்டும் அழகாக இருக்கும் எண்ணெயை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பங்கோர், பாகான் டத்தோ பக்கம் உறவினர் படகுக்கு வாங்கி வைத்த எண்ணெயைக் கொண்டுவந்து புல் மெஷினில் ஊற்றுவதும் நடக்கிறது. அதுவும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய்தான், விலையும் குறைவில்லை. ஆனால் அந்தக் குப்பியில் டிசி-டபிள்யூ3 என்று இருக்கும். படகு எஞ்சினைத் தண்ணீர் குளிர்விக்கிறது. புல் மெஷினைக் காற்றுதான் குளிர்விக்கிறது, அதன் பிஸ்டன் அதைவிடச் சூடாகும். தண்ணீரில் ஓடும் எஞ்சினின் சூட்டுக்கென்று செய்த எண்ணெய் இங்கே தாக்குப்பிடிக்காமல் ரிங் பள்ளங்களில் பிசினாக இறுகும். இதைவிட மோசமானது கார், லாரி எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது. 20டபிள்யூ-50 போன்ற எண்ணெய்களில் சேர்த்திருக்கும் கால்சியம், துத்தநாகக் கலவைகள் எரிந்தபின் சாம்பலாக நிற்கும். பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே அந்தச் சாம்பல் பாலம் போட்டால் மெஷின் நின்றுவிடும். பிஸ்டன் தலையில் கட்டினால் அங்கே கனன்று, தீப்பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். வடித்தெடுத்த கறுப்பு எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் இரும்புத் துகளும் கரியும் சேர்ந்தே போகின்றன.

இனிக் கலக்கும் முறை. பெட்ரோலுக்கென்றே செய்த மூடி இறுகும் கேன் ஒன்று, மில்லி கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று, வலை வைத்த புனல் ஒன்று, இவை மூன்றும் வேண்டும். குவளை கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் 50 மில்லி ஊசிக்குழல் கிடைக்கும், ஊசி இல்லாமல். 20 மில்லி, 40 மில்லி அளக்க அதைவிடத் துல்லியமானது வேறில்லை. குப்பி மூடியால் அளப்பதும் பால் டின்னில் கால்வாசி என்பதும் அளவே அல்ல. ஒவ்வொரு நிறுவனத்தின் மூடியும் ஒவ்வோர் ஆழம். கேனில் முதலில் பாதிப் பெட்ரோலை ஊற்றுங்கள். பிறகு அளந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றி, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். குவளையின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை விட்டுவிடக் கூடாது. கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கழுவிக் கேனிலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு லிட்டருக்கு 20 மில்லி அளக்கும்போது குவளையில் 3 மில்லி ஒட்டி நின்றால் எண்ணெயில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அதன்பின் மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். முழுப் பெட்ரோலையும் முதலிலேயே நிரப்பிவிட்டு எண்ணெயை மேலே ஊற்றினால் குலுக்க இடம் இருக்காது.

மெஷின் டாங்கியிலேயே பெட்ரோலை விட்டு, மேலே ஒரு மூடி எண்ணெயை ஊற்றிக் கலக்கும் பழக்கம் மிகப் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். எண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது. கரையாத எண்ணெய் டாங்கியின் அடிக்கு இறங்கும். பெட்ரோலை உறிஞ்சும் வடிகட்டியும் அங்கேதான் கிடக்கிறது. முதல் சில நிமிடம் எண்ணெயாகவே உறிஞ்சி மெஷின் திணறிப் புகைக்கும், கடைசிப் பாதியில் வெறும் பெட்ரோலில் ஓடும். முதலில் நீலப் புகை கக்கியதைப் பார்த்தவர், பாதி நேரத்துக்குப் பின் ஜாம் ஆனதற்குக் காரணம் எண்ணெய்க் குறைவு என்று சொன்னால் நம்பவே மாட்டார்.

நன்றாகக் கரைந்துவிட்ட கலவை சட்டென்று பிரியாது. இருந்தாலும் ஒவ்வொரு முறை டாங்கியில் ஊற்றும் முன்பும் கேனைப் பத்துத் தடவை குலுக்கிவிடுவது நல்லது.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதும் வேண்டாம். எண்ணெயில் நீலமோ சிவப்போ பச்சையோ சாயம் சேர்ப்பது, பெட்ரோலில் எண்ணெய் இருக்கிறதா என்று தெரிவதற்குத்தான். எவ்வளவு இருக்கிறது என்று அந்தச் சாயம் சொல்லாது. கொட்டகையில் கிடக்கும் கேனில் இருப்பது வெறும் பெட்ரோலா கலவையா என்று ஐயம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு நிழலில் காயவிடுங்கள், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல். வெறும் பெட்ரோல் தடம் இல்லாமல் பறந்துவிடும். கலவை என்றால் வடை வைத்த காகிதம்போல் எண்ணெய்ப் பொட்டு ஒன்று நிற்கும். பொட்டு இருந்தாலும் அளவு தெரியாது. யார், எப்போது, எவ்வளவு கலந்தார் என்று தெரியாத பெட்ரோலை மெஷினில் ஊற்றாமல் ஒதுக்கிவைப்பதுதான் சரி.

கூட்டுப்பணி நாளில் அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ‘இந்த வரிசையை மட்டும் முடித்துவிடலாம்’ என்று போகாதீர்கள். சுமையோடு முழு வேகத்தில் ஓடினால் சில நிமிடங்களே போதும். எஞ்சினை ஆறவிட்டு, டாங்கியைக் காலி செய்து, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு தேக்கரண்டி டூ டி எண்ணெயை விட்டு, கயிற்றை மெதுவாக ஏழெட்டு முறை இழுங்கள். கயிறு சீராக, வழக்கமான எதிர்ப்போடு வந்தால் பிழைத்தது. பிளக்கை மாட்டிச் சரியான கலவையை ஊற்றி, முதல் டாங்கியை மிதமாக ஓட்டுங்கள். கயிறு கரகரவென்று வந்தாலோ எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தாலோ ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பிஸ்டன் எப்படி இருக்கிறது என்று எஞ்சினைப் பிரிக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. புகைப்போக்கியைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். அதற்குப் பின்னால் ஒரு காசு அளவுக்குப் புகை வெளியேறும் வாசல் தெரியும். டார்ச் அடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டனின் பக்கம் அந்த வாசலில் ஏறி இறங்கும். நல்ல பிஸ்டன் வழவழப்பாக, எண்ணெய் மின்னலோடு, செய்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகளோடு இருக்கும். கெட்ட பிஸ்டனில் கீழிருந்து மேலாகப் பட்டை பட்டையாகக் கீறல் ஓடியிருக்கும். உருகிப் பூசிய அலுமினியம் ரிங்கை அதன் பள்ளத்துக்குள்ளேயே அடைத்திருக்கும். எண்ணெயே இல்லாமல் ஓடிய பிஸ்டனில் கீறல் சுற்றிலும் இருக்கும், கிராங்க் அறையும் உலர்ந்து கிடக்கும். கீறல் இந்தப் புகை வாசல் பக்கம் மட்டும் இருந்து, உள்ளே எண்ணெய்ப் பசையும் இருந்தால், காரணம் வேறாக இருக்கலாம்.

அந்த வேறு காரணத்தில் முக்கியமானது கார்புரேட்டர் திருகு. மெஷின் இன்னும் கொஞ்சம் ‘கத்தட்டும்’ என்று வேகத் திருகை உள்ளே இறுக்குகிறவர்கள் உண்டு. இறுக்கினால் பெட்ரோல் குறையும், வேகம் கூடும், சத்தமும் கூர்மையாகும். பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் எண்ணெயும் குறையும். கலவை மில்லி பிசகாமல் சரியாக இருந்தும் எஞ்சின் போய்விடும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுத்தாலும் இதே கதிதான். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளில் காய்ந்த புல் பஞ்சுபோல் அடைந்திருந்தாலும் அப்படியே.

எண்ணெய் கூடினால் நல்லதுதானே என்ற எண்ணமும் பெரியவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. குறைவைப்போல் அது உடனே கொல்லாது என்பது உண்மை. மெல்லக் கெடுக்கும். எரியாத எண்ணெய் கரியாகிப் புகை வாசலை ஓரத்திலிருந்து சுருக்கிக்கொண்டே வரும். புகைப்போக்கிக்குள் தீப்பொறி தடுக்கும் சின்னக் கம்பிவலை அடைபட்டுவிடும். மெஷின் சும்மா ஓடும்போது நன்றாக ஓடி, முடுக்கினால் மூச்சுத் திணறும். கார்புரேட்டர் போய்விட்டதென்று பலர் புது கார்புரேட்டர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் அந்த வலையைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். பிளக்கும் ஈரக் கறுப்பாக நனைந்திருக்கும். சரியான கலவையில் ஓடிய பிளக் முனை வெளிர் பழுப்பாக, மைலோ நிறத்தில் இருக்கும். புது மெஷின் பழகும்வரை இரண்டு மடங்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதும் தேவையில்லாதது. சரியான அளவிலேயே ஊற்றி, முதல் இரண்டு மூன்று டாங்கியைச் சுமையில்லாமல் முழு வேகத்தில் அலறவிடாமல் இருந்தால் போதும்.

மெஷினையே தவறாக அடையாளம் காண்பதும் உண்டு. தோளில் மாட்டும் புல் மெஷின் எல்லாமே டூ ஸ்ட்ரோக் அல்ல. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற எஞ்சின் மாட்டியவை ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றின் அடியில் அளவுக்குச்சியோ மூடியோ வைத்த தனி எண்ணெய்த் தொட்டி உண்டு, சுமார் 100 மில்லி எஞ்சின் எண்ணெய் பிடிக்கும். டாங்கியில் ஊற்ற வேண்டியது வெறும் பெட்ரோல். அதில் கலவையை ஊற்றினால் புகைந்து பிளக் நனையும், எஞ்சின் சாகாது. டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் செத்துவிடும். இரண்டும் ஒரே கொட்டகையில் இருந்தால் கேன்களை நிறம் பிரித்து வையுங்கள். இதற்கும் ஒரு விலக்கு இருக்கிறது: ஸ்டில் நிறுவனத்தின் 4-மிக்ஸ் எஞ்சின், வால்வு வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தும் தனித் தொட்டி இல்லாமல் 50:1 கலவையில்தான் ஓடுகிறது. முதுகில் சுமந்து மருந்து ஊதும் மெஷினும், மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய சந்தாஸ் குலைவெட்டியும் கலவை கேட்கும் வகையைச் சேர்ந்தவையே. செயின்சாவில் இரண்டு மூடி இருக்கும். ஒன்று கலவைக்கு, மற்றது சங்கிலி எண்ணெய்க்கு. மூடியில் வார்த்திருக்கும் படத்தைப் பார்க்காமல் மாற்றி ஊற்றாதீர்கள்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல். ஆர்எக்ஸ்-இசட், 125 இசட் போன்ற வண்டிகளில் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் பம்ப்பும் இருக்கின்றன. எஞ்சின் சுற்றும் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டரைத் திருகும் அளவுக்கும் ஏற்ப அந்தப் பம்ப் எண்ணெய் ஊட்டுகிறது. அது ஒழுங்காக வேலை செய்தால் பெட்ரோல் டாங்கியில் எண்ணெய் கலக்க வேண்டியதே இல்லை. பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கலவையில் ஓட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கோ சிம்பாங் பூலாய்க்கோ இறங்கும்போது அதன் ஆபத்து தெரியும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டுக் கியரிலேயே இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் கார்புரேட்டர் வழியே பெட்ரோல் வருவது மிகச் சொற்பம். பெட்ரோல் வராவிட்டால் எண்ணெயும் வராது. பின்சக்கரம் திடீரென்று இறுகினால் வளைவில் விழுவது வண்டி மட்டுமல்ல. கலவையில் ஓட்டியே தீருவேன் என்றால் இறக்கத்தில் அடிக்கடி கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகி எஞ்சினுக்கு எண்ணெய் கொடுங்கள். எங்களைக் கேட்டால் பம்ப்பைத் திரும்ப மாட்டுங்கள் என்றுதான் சொல்வோம். அப்படி மாட்டினால் குழாயிலுள்ள காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, கேபிள் தொய்வில்லாமல் குறிக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

கலந்த பெட்ரோலை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அதன் இலேசான பகுதி நம் வெயிலில் விரைவாகப் பறந்துவிடும். எஞ்சியது கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படியும், உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு விறைத்துவிடும். ஒரு மாதம் மெஷினைத் தொடப்போவதில்லை என்றால் டாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். மழைக்காலத்தில் கேனைத் திறந்து வைத்தால் தண்ணீர் சேரும். அடியில் உருண்டை உருண்டையாக நிற்கும். அப்படிப்பட்ட பெட்ரோலை வடிகட்டிக்கூட மெஷினில் ஊற்ற வேண்டாம்.

களைக்கொல்லி அளக்கும் குவளையால் எண்ணெய் அளக்கவே கூடாது. எண்ணெய்க் குவளையைத் திரும்ப மருந்துக்கு எடுக்கவும் கூடாது. மருந்து பெரும்பாலும் தண்ணீரில் கரைந்தது, குவளையில் சில சொட்டு நின்றாலும் அது கார்புரேட்டருக்குத் தண்ணீர்தான். கலவையைத் தண்ணீர்ப் போத்தலிலும் குளிர்பானப் போத்தலிலும் ஊற்றிச் சமையலறை ஓரத்தில் வைப்பதைப் பற்றி எங்களுக்கு இருக்கும் கவலை மெஷினைப் பற்றியது அல்ல. நீலமும் சிவப்புமான அந்தத் தண்ணீர் பிள்ளைகளின் கண்ணுக்குச் சிராப் தண்ணீராகத்தான் தெரியும். தோட்டப்புறத்தில் மருந்துப் போத்தலால் நாம் பட்டது போதும். அறியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுத்தால் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

நிரப்பும்போது கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், மோட்டார் சைக்கிள் இருக்கையிலோ லாரியின் பின்தட்டிலோ வைத்தல்ல. சூடான மெஷினில் ஊற்றாமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து பத்து அடியாவது தள்ளிப்போய் முடுக்குங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, புல்லோடு புல்லாகத் தரையில் படர்ந்து கிடக்கும்.

கடைக்காரர்களிடமும், கோயில் நிர்வாகங்களிடமும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறோம். மெஷின்களின் கையேடு ஆங்கிலத்திலும் மலாயிலும் சீனத்திலும் வருகிறது, தமிழில் இருப்பதில்லை. அதைக் கையாளும் மூத்தவர்களில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். மெஷின் வாங்கும்போதே ஒரு கேனும் அளவுக் குவளையும் சேர்த்து வாங்குங்கள். கேனின் வெளிப்பக்கத்தில் அழியாத மையால் கீழ்க்கண்டதை எழுதிவையுங்கள். மெஷின் 25:1 கேட்டால் 50:1ஐ 25:1 என்றும் 100ஐ 200 என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வகை மெஷின்களும் ஒரே கேனும்தான் இருக்கிறது என்றால் கூடுதல் எண்ணெய் கேட்கும் மெஷினின் அளவையே எழுதுங்கள்.

டூ ஸ்ட்ரோக் மட்டும்.
அளவு 50:1. பெட்ரோல் 5 லிட்டர், டூ டி எண்ணெய் 100 மில்லி.
கலந்த நாள்: ........ கலந்தவர்: ........
குலுக்கிவிட்டு ஊற்றவும். 30 நாளுக்கு மேல் ஆனால் ஊற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் பழுதுபார்ப்போர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.